மறந்துபோன தாயும் மூடப்பட்ட கதவும்





பெற்றோரைப் பேணுவது பற்றி நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். இன்று அதே தலைப்பில் சற்றுக் கடினமான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு தாய்க்கு மறதி நோய். பெற்ற பிள்ளையின் பெயர் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்து, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை நாள் தவறாமல் போகிறது, ஊட்டிவிடுகிறது, தலைவாரிவிடுகிறது. அப்போது ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. இல்லத்தின் கதவு மூடப்படுகிறது. வெளியார் யாரும் வரக்கூடாது என்கிறார்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கடமை என்ன? கதவை மூடியவரின் கடமை என்ன? அந்தத் தாய்க்கு வந்தவர் யாரென்றே தெரியப்போவதில்லையே, போனால் என்ன போகாவிட்டால் என்ன என்று கேட்பவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

கொரோனா காலத்தில் பல நாடுகளில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இந்தக் கேள்வியின் முன்னால் நின்றன. அவற்றில் இங்கிலாந்தில் நடந்ததை நாம் எடுத்துக்கொள்வோம். காரணம், அங்கு நடந்தவை அரசு உத்தரவுகளாகவும் நீதிமன்றத் தீர்ப்பாகவும் பதிவாகி இருக்கின்றன. அந்த இல்லங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோரிடம்கூட, அந்த விஷயத்தில் கீழ்ப்படியாமல், உலக வாழ்க்கையில் நல்ல முறையில் உறவாடும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது (31:15). பெற்றோர் என்ற உறவுக்கே ஓர் உரிமை இருக்கிறது. அந்த உரிமை பறிபோகும் இடம் எதுவானாலும் அதில் நமக்குப் பாடம் உண்டு.

அறிந்த பின் அறியாமை

மனிதர்களில் சிலர் மிகவும் தளர்ந்த வயதுக்குத் திருப்பப்படுகிறார்கள், எல்லாம் அறிந்திருந்த பிறகு எதையும் அறியாதவர்களாக ஆகிவிடுகிறார்கள் என்று குர்ஆன் இரண்டு இடங்களில் சொல்கிறது (16:70, 22:5). அந்த வயதை ‘அர்தலுல் உமுர்’ என்று அது குறிப்பிடுகிறது. அந்த நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள் (புகாரி).

ஆகவே இது நம் காலத்தில் புதிதாக முளைத்த நோய் அல்ல. வீட்டுக்குள் மறைத்து வைக்க வேண்டிய வெட்கமும் அல்ல. இன்று மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். மூளையைத் தாக்கும் பல நோய்களால் வரும் நிலை இது. அவற்றில் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர். பெரும்பாலும் முதலில் நேற்று நடந்தது மறக்கும், ஐம்பது வருடங்களுக்கு முன் நடந்தது நினைவிருக்கும். பிறகு பேச்சு குறையும், நடை போகும், கடைசியில் சோற்றை விழுங்குவதுகூட மறந்துபோகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் மறந்த பிறகும் உணர்வு இருக்கிறது. பழகிய குரல் கேட்டால் முகம் தெளிகிறது. பழகிய கை தொட்டால் பதற்றம் அடங்குகிறது. அந்நியர் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்பவர், மகள் ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறார். மறதி நோயுள்ளவரைப் பார்த்துக்கொண்ட எந்தக் குடும்பமும் இதைச் சொல்லும்.

ஷரீஅத் இவர்களை எப்படிப் பார்க்கிறது? மூன்று பேரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபிமொழி சொல்கிறது: தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, அறிவு பேதலித்தவர் தெளியும் வரை (அபூதாவூத்). அறிவு மங்கிய தாய் தொழுகையை மறந்தால் அவருக்குக் குற்றமில்லை. நம்மை ஏசினாலும் அது அவர் ஏட்டில் ஏறுவதில்லை. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ளும் நமக்கு எழுதுகோல் உயர்த்தப்படவில்லை! அவர் ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்கும்போது நம் வாயிலிருந்து வரும் ‘சீ’ நம் ஏட்டில் பதிவாகிறது. முதுமையடைந்த பெற்றோரிடம் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது என்ற கட்டளையின் (17:23) முழுக் கனமும் இந்த நோய் வந்த வீட்டில்தான் தெரியும்.

‘உன்னிடத்தில்’ என்றால் எங்கே?

அதே வசனத்தில் ஒரு சொல் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ ‘இந்தக்க’, அதாவது ‘உன்னிடத்தில்’, முதுமையை அடைந்தால் என்று அல்லாஹ் சொல்கிறான். அவர்கள் முதுமையை அடைந்தால் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ‘உன்னிடத்தில்’ என்பது எதற்காக?

இமாம் ஸமக்ஷரீ (ரஹ்) தமது ‘அல்கஷ்ஷாஃப்’ விரிவுரையில் இதற்குத் தரும் விளக்கத்தின் கருத்து இது: பெற்றோர் இயலாமல் போய், பிள்ளையின் மீது பாரமாகி, அவனைத் தவிர வேறு பொறுப்பாளர் இல்லாத நிலையில் அவன் வீட்டிலும் அரவணைப்பிலும் இருப்பார்கள். அந்த நிலைதான் பிள்ளைக்கு மிகவும் சிரமமானது, மிகுந்த பொறுமை தேவைப்படுவது.

இங்கே வீடும் சொல்லப்படுகிறது, பொறுப்பும் சொல்லப்படுகிறது. முடிந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதே சிறந்தது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வீடே ஆபத்தாகிவிடும் நிலை ஒன்று உண்டு. நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போய்விடும் தந்தை, கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோகும் தாய், தூக்கவும் திருப்பவும் இரண்டு பேர் வேண்டும் என்ற நிலையில் தானே எழுபது வயதான மனைவி. இப்படிப்பட்ட நிலையில் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைத்தவரைப் பார்த்து, ‘உம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்’ என்று பேசுவது புறமாகவும் ஆகலாம், அவதூறாகவும் ஆகலாம்.

தள்ளிவிட்டவனும் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவன் அவன். ஆனால் அதே இல்லத்தில், தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து தாய்க்கு ஊட்டிவிட்டுப் போகும் மகளும் இருக்கிறாள். தாயின் கூரை மாறியிருக்கிறது, பாரம் யார் தோளில் என்பது மாறவில்லை. அந்த மகளைப் பொறுத்தவரை தாய் இன்னும் ‘உன்னிடத்தில்’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு 2020க்கு வருவோம்.

2020 மார்ச்

இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு டிமென்ஷியாவோ கடுமையான ஞாபகக் குறைபாடோ இருக்கிறது என்று அந்நாட்டின் அல்சைமர் சங்கம் கணக்கிடுகிறது. நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 23 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே பல இல்லங்கள் தாமாகவே கதவை மூடிவிட்டன. ஏப்ரல் 2 அன்று வந்த அரசு வழிகாட்டுதல், மரணத் தறுவாய் போன்ற விதிவிலக்கான நேரம் தவிர, குடும்பத்தாரும் நண்பர்களும் வர வேண்டாம் என்றது.

உள்ளே என்ன நடந்தது? முகக்கவசம் எதற்கு என்று புரியாதவர்கள், வாயில்லாத முகங்கள் தம்மைச் சுற்றி நடமாடுவதைக் கண்டு மிரண்டார்கள். அறைக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னால் அடுத்த நிமிடம் அது மறந்துபோகும். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மகன் நின்று கையசைத்தால், அவன் ஏன் உள்ளே வரவில்லை என்று புரியாது. வீடியோ காலில் பேசும் சிறு உருவம் தன் மகள் என்று பலருக்குத் தெரியவில்லை. தொடுவதும் மணமும் குரலும்தான் அவர்களிடம் மிஞ்சியிருந்தன. கண்ணாடி அவை மூன்றையும் தடுத்தது.

நோயும் அவர்களை விட்டுவைக்கவில்லை. 2020 மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனா தொடர்பாக இறந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு முன்பே இருந்த முக்கிய நோய் டிமென்ஷியாதான் என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் தெரிவித்தது. வேறு எந்த நோயும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

பணியாளர்களையும் நாம் நியாயமாகப் பேச வேண்டும். குறைந்த சம்பளத்தில், போதிய கவச உடையும் இல்லாமல் அவர்கள் வேலை செய்தார்கள். நோயை உள்ளே கொண்டுவந்துவிடக்கூடாது என்று தம் வீட்டுக்கே போகாமல் இல்லத்திலேயே தங்கியவர்களும் உண்டு. பிள்ளை உள்ளே வரமுடியாத நேரத்தில் இறப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கை அவர்களுடையது.

கதவை மூடியது தவறா?

தவறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை (புகாரி, முஸ்லிம்).

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ‘ஸர்க்’ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களும் மற்றவர்களும் வந்து தெரிவித்தார்கள். உமர் (ரலி) முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், அன்ஸாரிகளிடம் ஆலோசித்தார்கள், குறைஷி முதியவர்களிடமும் ஆலோசித்துத் திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்க, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, மேற்சொன்ன நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தை 2020ல் நாம் எல்லோரும் கேட்டோம். பெரும்பாலும் உமர் (ரலி) திரும்பிப் போனதோடு நிறுத்திக்கொண்டோம். மீதியையும் பார்க்க வேண்டும். உமர் (ரலி) மதீனா திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) எங்கே போனார்கள்? நோய் பரவிய ஷாமுக்கே, தம் மக்களிடமே திரும்பினார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிப்பிடும் அந்த நோயில், ஹிஜ்ரி 18ல், அங்கேயே வஃபாத்தானார்கள்.

ஒரே நபிமொழி. அதன்படி ஒருவர் உள்ளே போகாமல் திரும்பினார், இன்னொருவர் உள்ளே இருப்பவர்களை விட்டு விலகாமல் இருந்தார். இருவருமே கீழ்ப்படிந்தார்கள். ஒருவர் வெளியார், மற்றவர் உள்ளே இருப்பவர்களின் பொறுப்பாளர்.

வெளியேறக்கூடாது என்ற தடைக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் தவக்குல் பற்றிய பகுதியில் ஒரு காரணம் சொல்கிறார்கள். அதன் கருத்து: ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வெளியேற அனுமதி கொடுத்துவிட்டால், நோயில் விழுந்தவர்கள் மட்டுமே ஊரில் மிஞ்சுவார்கள். அவர்கள் உள்ளம் உடைந்துபோகும். பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. தாமாக எடுத்துக் குடிக்கவும் சாப்பிடவும் முடியாத அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் உணவூட்டவும் யாரும் இருக்கமாட்டார்கள். அது அவர்களை அழிப்பதற்கு உழைப்பதாகவே ஆகிவிடும்.

சகோதரர்களே! இந்தக் காரணத்தைச் சற்று நிதானமாக யோசியுங்கள். நோய் பரவாமல் தடுப்பது மட்டும் நோக்கமல்ல. இயலாதவர் தம்மைப் பார்த்துக்கொள்பவரை இழந்துவிடக்கூடாது என்பதையும் கஸ்ஸாலி இமாம் இந்தச் சட்டத்துக்குள்ளேயே காண்கிறார்கள். உணவு, தண்ணீர், உள்ளம் உடைதல் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். ஆகவே, கொள்ளைநோய் என்ற காரணம் காட்டி, ஊட்டுபவரின் கையையே நோயாளியிடமிருந்து பிரிப்பது இந்த நபிமொழியின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதாகும்.

விருந்தாளியா, பொறுப்பாளரா?

இப்போது அசல் கேள்வி தெளிவாகிறது. தினமும் வந்து ஊட்டிக்கொண்டிருந்த அந்த மகள் எந்தப் பக்கம்? ஊருக்கு வெளியே நிற்கும் பயணியா? ஊருக்குள் இருக்கும் பொறுப்பாளரா?

2020ன் உத்தரவுகள் அவளை ‘பார்வையாளர்’ என்ற பட்டியலில் வைத்தன. பூங்கொத்தோடு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் நண்பரும் பார்வையாளர், தாய்க்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதை முகச்சுளிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளும் மகளும் பார்வையாளர். பேச்சிழந்த தாயின் தேவையை எடுத்துச் சொல்லும் நாக்கு அவள். தாய்க்கு மறந்துபோன வாழ்க்கையை நினைவில் வைத்திருப்பவளும் அவள். அவளை வெளியே நிறுத்தியபோது தாயின் ஒரு பகுதியும் வெளியே நின்றது.

இது கொரோனாவுக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம்தான். நிக்கி ஜெரார்ட் என்ற ஆங்கில எழுத்தாளரின் தந்தை ஜான், டிமென்ஷியாவோடு ஓரளவு நன்றாகவே வாழ்ந்துவந்தார். 2014ல் காலில் புண்ணுக்காக ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். அந்த நாட்களில் குடும்பத்தார் வந்து பார்க்கக் கட்டுப்பாடுகள் இருந்தன. திரும்பி வந்தபோது அவர் நடக்க முடியாமல், எலும்பும் தோலுமாக இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். மறதி நோயாளியோடு அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தவர் உடனிருக்கும் உரிமை வேண்டும் என்று அந்த மகளும் அவருடைய தோழி ஜூலியா ஜோன்ஸும் ‘ஜானின் இயக்கம்’ என்று தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் பராமரிப்பு இல்லங்களின் கதவுகளுக்காகவும் அந்த இயக்கம் குரல் கொடுத்தது.

சரி, நாற்பது முதியவர்கள் இருக்கும் இல்லத்தில் ஒரு மகளை அனுமதித்து, அவள் மூலம் நோய் வந்து மற்ற முப்பத்தொன்பது பேரும் பாதிக்கப்பட்டால்? நியாயமான கேள்வி. தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைக்கவும் கூடாது என்ற நபிமொழி (இப்னு மாஜா) நம் ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. என் தாயைப் பார்க்கும் உரிமைக்காக இன்னொருவரின் தாயை ஆபத்தில் தள்ள எனக்கு அனுமதியில்லை. பரிசோதனைக் கருவிகளும் கவச உடைகளும் கிடைக்காத, நோயைப் பற்றி எதுவும் தெளிவாகத் தெரியாத அந்த முதல் வாரங்களில் கதவை மூடியவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே ஃபிக்ஹில் இன்னொரு விதியும் உண்டு. நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே. பட்டினியால் உயிர் போகும் நிலையில் ஹராமானது உயிர் தங்கும் அளவுக்கு அனுமதிக்கப்படுகிறது, விருந்துண்ணும் அளவுக்கு அல்ல. தாயையும் பிள்ளையையும் பிரிப்பது அப்படிப்பட்ட ஒன்று. நிர்ப்பந்தம் இருக்கும் வரை செய்யலாம், குறைந்ததும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ‘இன்னும் தேவையா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 2020 மார்ச் 20 முதல் பராமரிப்பு இல்லங்களுக்கு நாடு முழுவதும் பார்வையாளர் தடை இருந்தது. மே 11 முதல் 26 இல்லங்களில் சோதனை முயற்சியாக, ஒரு முதியவருக்கு ஒரே ஒரு நிலையான நபர் என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்தார்கள். ஆய்வாளர்கள் அதைக் கண்காணித்தார்கள். மக்கள் விதிகளைப் பெரும்பாலும் நன்றாகவே பின்பற்றினார்கள். கண்காணித்த அந்த வாரங்களில் அந்த இல்லங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. பிறகு அனுமதி விரிவாக்கப்பட்டது.

இங்கிலாந்திலோ 2021 மார்ச் 8 அன்றுதான், ஒவ்வொரு முதியவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒருவர் பரிசோதனை செய்துகொண்டு உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி பொதுவாக வந்தது. மே 17 முதல், ஒவ்வொருவருக்கும் ‘இன்றியமையாத பராமரிப்பாளர்’ ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மகள் விருந்தாளி அல்ல, பொறுப்பாளர் என்பதை ஏட்டில் எழுத ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மறதி நோயில் ஒரு வருடம் என்பது சிறு காலம் அல்ல. கதவு மூடும்போது பேசிக்கொண்டிருந்தவர், திறக்கும்போது பேச்சையே இழந்திருக்கலாம். திறக்கும்போது ஆளே இல்லாமலும் இருக்கலாம்.

கதவின் சாவி ஓர் அமானிதம்

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2020 மார்ச் 17 அன்று, மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்ய, வீட்டுக்கு அனுப்பும் நிலையிலுள்ள நோயாளிகளை விரைவாக அனுப்பும்படி இங்கிலாந்தின் சுகாதார சேவை கடிதம் எழுதியது. அவர்களில் பலர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்புமுன் எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற முடிவு ஏப்ரல் 15 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. மகளுக்கு மூடப்பட்ட அதே கதவு, பரிசோதிக்கப்படாத நோயாளிக்குத் திறந்திருந்தது.

இல்லங்களில் தந்தையரை இழந்த இரண்டு மகள்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிகுறி இல்லாதவர்கள் மூலமும் நோய் பரவலாம் என்ற ஆபத்தைக் கருத்தில் கொள்ளாததால், மார்ச்சிலும் ஏப்ரலின் தொடக்கத்திலும் பின்பற்றப்பட்ட அந்த வெளியேற்றக் கொள்கைகள் சட்டவிரோதமானவை என்றது. இறந்த தந்தைக்காக நீதிமன்றப் படியேறிய அந்த மகள்களும் பெற்றோருக்கான கடமையைச் செய்தவர்கள்தாம். 2024 ஏப்ரல் 6 முதல், பராமரிப்பு இல்லத்தில் இருப்பவரைச் சந்திக்க வருபவரை விதிவிலக்கான காரணமின்றித் தடுக்கக்கூடாது என்று அங்கே விதியே வந்துவிட்டது.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர்கள், உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) நாம் அறிவோம். கதவின் சாவியைக் கையில் வைத்திருப்பவரும் மேய்ப்பாளரே. ஏன் மூடினாய் என்பதோடு, ஏன் அவ்வளவு நாள் மூடியே வைத்திருந்தாய் என்ற கேள்வியும் அவருக்கு உண்டு.

வெளியே நின்றவர்களுக்கு

கடைசியாக, வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்டுகள் கடந்தும் அவர்களில் பலருடைய மனதில் ஒரு முள் இருக்கிறது. நான் அவரை அங்கே சேர்க்காமல் இருந்திருந்தால்? கதவை உடைத்துக்கொண்டு போயிருந்தால்? என்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாரோ?

தபூக் போரின்போது நபி (ஸல்) அவர்கள் தம்மோடு வந்திருந்தவர்களிடம், மதீனாவில் சிலர் தங்கியிருக்கிறார்கள், நாம் கடந்த எந்தப் பள்ளத்தாக்கிலும் அவர்கள் நம்மோடு இருந்தார்கள், தக்க காரணம் அவர்களைத் தடுத்துவிட்டது என்ற கருத்தில் சொன்னார்கள் (புகாரி). வழிநடையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் உடன் இருந்தவர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். அப்படியானால், ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்ற மகனின் கணக்கு என்னவாக இருக்கும்? உள்ளே ஊட்ட முடியாமல் போன ஒவ்வொரு கவளமும் நிய்யத்தின் காரணமாக எழுதப்படும் என்று நாம் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கிறோம்.

இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் ஓர் அடியானிடம், நான் நோயுற்றிருந்தபோது நீ என்னை வந்து பார்க்கவில்லையே என்பான். அகிலங்களின் இறைவனாகிய உன்னை நான் எப்படிப் பார்க்க வருவேன் என்று அடியான் கேட்பான். என் அடியான் இன்னார் நோயுற்றிருந்தான், அவனிடம் போயிருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாய் என்ற கருத்தில் அல்லாஹ் பதில் சொல்வான் (முஸ்லிம்).

‘அவனிடத்தில்’ என்பதற்கு அந்த ஹதீஸில் வரும் சொல் ‘இந்தஹு’. குர்ஆனில் நாம் பார்த்த ‘இந்தக்க’வில் உள்ள அதே ‘இந்த’தான். பெற்றோர் உன்னிடத்தில் என்று அங்கே, அல்லாஹ் நோயாளியிடத்தில் என்று இங்கே. அவனுடைய அண்மை எப்படிப்பட்டது என்பது அவனுக்கே தெரிந்தது. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். உங்கள் தாய் உங்களிடத்தில் இருக்க முடியாமல் போன அந்த நாட்களில், அவர் யாருமற்றவராக இருக்கவில்லை. அவர் தம் பெயரையே மறந்திருக்கலாம். அல்லாஹ்வோ மறதி என்பதே இல்லாதவன்.

இதே ஹதீஸ் முதல் கேள்விக்கும் பதிலாகிறது. யாரென்று தெரியாத தாயைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் போவதாக இருந்தால், அவர் மறந்த அன்றே கடமை முடிந்திருக்கும். அவருக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய பசி தெரிகிறது, பயம் தெரிகிறது, ஒரு கையின் இதம் தெரிகிறது. யாருக்காகப் போகிறோமோ அந்த அல்லாஹ்வுக்கு எல்லாம் தெரிகிறது. நன்றியை எதிர்பார்க்க வழியே இல்லாத இந்தப் பணிவிடையைப் போல இக்லாஸுக்கு நெருக்கமான அமல் வேறு எத்தனை இருக்கும்!

நாம் செய்ய வேண்டியவை

மறதி நோயுள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்குப் பிடித்த உணவு, பயப்படும் விஷயம், வலி வந்தால் காட்டும் அடையாளம், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைப்போம். நாளை நாம் அருகில் இருக்க முடியாவிட்டால் அந்தத் தாள் நமக்குப் பதிலாகப் பேசும். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், நோய்ப் பரவல் காலத்தில் குடும்பத்தில் ஒருவரையாவது உள்ளே விடுவீர்களா என்று முதல் நாளே கேட்போம்.

பாரம் முழுவதையும் ஒரு மகள் மீதோ ஒரு மருமகள் மீதோ சாட்டிவிட்டு, மற்றவர்கள் ‘உம்மா எப்படி இருக்காங்க?’ என்று போனில் விசாரிப்பதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் பார்த்துக்கொண்டு அவரைத் தூங்கவிடுங்கள். மஹல்லாவில் அப்படி ஒரு வீடு இருந்தால் தீர்ப்புச் சொல்லப் போகாமல் உதவி செய்யப் போவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் சிறு வயதில் எங்களை வளர்த்தது போல் அவர்கள் மீது நீ கருணை புரிவாயாக! அறிந்த பின் எதையும் அறியாத முதுமையிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! அந்த நிலையில் இருப்பவர்களுக்கு இதமான கைகளை வழங்குவாயாக! மூடிய கதவுக்கு வெளியே நின்று பெற்றோரை இழந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! தங்கள் உயிரைப் பணயம் வைத்து அந்நியரின் பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நேர்வழியையும் நற்கூலியையும் வழங்குவாயாக! ஆமீன்.